பழக்கம் படிய வேண்டுமா? தம்பானூர் வீட்டிலிருந்து சில குறிப்புகள்

திருவனந்தபுரம் நகருக்குள் ஓடும் ஆமையிழஞ்சான் தோடு, தம்பானூர் ரயில் நிலையத்தின் தண்டவாளங்களுக்கு அடியில் நூறு மீட்டருக்கும் மேல் நீளமான சுரங்கத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிறது. தோடு என்றால் இங்கே ஓடை. 2024 ஜூலை 13ஆம் தேதி, அதில் அடைத்துக் கிடந்த குப்பையை அள்ள இறங்கிய தொழிலாளி ஒருவரை மழைத் தண்ணீர் உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டது. தீயணைப்புப் படை, தேசியப் பேரிடர் மீட்புப் படை, கடற்படை என்று எல்லோரும் வந்தார்கள். ரோபோவைக்கூட இறக்கித் தேடினார்கள். சுரங்கத்துக்குள் மலை மாதிரி குப்பை. ஜூலை 15 காலையில்தான் உடல் கிடைத்தது, தகரப்பறம்பு பக்கம்.

அந்த மூன்று நாளும் எங்கள் தெருவில் ஒரே பேச்சு அதுதான். "ஜனங்களுக்கு அறிவே இல்லை" என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ராத்திரி பத்து மணிக்குப் பையைக் கட்டித் தோட்டில் போடுகிறவருக்கு, கையை உதறிய அடுத்த நொடியே பலன் கிடைத்துவிடுகிறது: அடுக்களையில் நாற்றம் போச்சு, வேலை முடிந்தது. அதன் கேடு பல மாதம் கழித்து, முன்பின் தெரியாத ஒருவர் தலையில் இறங்குகிறது. செய்தவருக்கு எந்தப் பாடமும் போய்ச் சேருவதில்லை. நல்லது உடனே கிடைத்தால் அந்தச் செயல் நிலைக்கும், கிடைக்காவிட்டால் மெல்ல மறையும் என்பதை அமெரிக்க உளவியலாளர் தார்ன்டைக் 1898இலேயே பூனைகளைக் கூண்டில் வைத்துப் பார்த்துச் சொன்னார். ஸ்கின்னர் என்ற இன்னொரு உளவியலாளர் எலிகளை வைத்து அதையே இன்னும் நுட்பமாக ஆராய்ந்து 1938இல் புத்தகமாகப் போட்டார், பிறகு புறாக்களையும் வைத்து ஆராய்ந்தார். பிள்ளை வளர்ப்பு, குப்பை, கைப்பேசி எல்லாவற்றுக்கும் இது ஒன்றுதான் அடிப்படை என்பது என் எண்ணம்.

நாகர்கோவிலில் பிறந்து, கல்யாணமாகி வந்ததிலிருந்து எஸ்.எஸ்.கோயில் ரோட்டுப் பக்கம் குடியிருக்கிறேன். பிள்ளைகளை வளர்த்து, இப்போது பேரனையும் பார்த்துக்கொள்கிறேன். வீட்டில் செய்து பார்த்துப் பலன் கண்டவற்றை எழுதுகிறேன்.

1. திட்டுவதற்கு முன் மூன்று நாள் கவனியுங்கள். எந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டுமோ, அது நடக்கும்போதெல்லாம் காலண்டர் ஓரத்தில் இரண்டு விஷயம் குறியுங்கள்: அதற்கு முன் என்ன நடந்தது, முடிந்ததும் செய்தவருக்கு என்ன கிடைத்தது. இரண்டாவதுதான் முக்கியம். என் பேரன் சாப்பிடும்போது தட்டைத் தள்ளிவிடுவான். எழுதிப் பார்த்தால், தள்ளிய ஒவ்வொரு முறையும் அவன் அம்மா கைப்பேசியை வைத்துவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்திருக்கிறாள். அவன் கேட்டது அந்தப் பார்வையைத்தான்.

2. அழுதால் வாங்கிக் கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். தம்பானூர் பேருந்து நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்றால் இதைக் கண்ணால் பார்க்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் பழம்பொரி. பிள்ளை கேட்கிறது. அம்மா "வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடலாம்" என்கிறாள். பிள்ளை சிணுங்குகிறது, பிறகு அழுகிறது, பிறகு தரையில் உட்கார்ந்து காலை உதைக்கிறது. பேருந்துக்கு நேரமாகிறது, நாலு பேர் பார்க்கிறார்கள். பழம்பொரி வந்துவிடுகிறது, அழுகை நின்றுவிடுகிறது.

இதில் கற்றுக்கொண்டது பிள்ளை மட்டுமல்ல. தரையில் உட்கார்ந்தால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றது. வாங்கிக் கொடுத்தால் தொல்லை நிற்கும் என்று அம்மாவும் கற்றாள். அவளுக்குக் கிடைத்த பரிசு அந்த அமைதி. ஒருவரை ஒருவர் பழக்கிவிட்டார்கள், அடுத்த முறை இருவருமே இன்னும் சீக்கிரம் அந்த இடத்துக்கு வந்துவிடுவார்கள். அதனால் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். வாங்கிக் கொடுப்பதென்றால் கேட்ட முதல் தடவையே, அழாமல் கேட்டபோதே, வாங்கிக் கொடுங்கள். இல்லையென்றால் எத்தனை பேர் பார்த்தாலும் இல்லைதான். கையில் ஒரு வாழைப்பழமும் தண்ணீரும் இருந்தால் பாதிப் பிரச்சினை வராது. பசித்த பிள்ளையிடம் எந்தப் பாடமும் எடுபடாது.

3. லஞ்சம் வேறு, பரிசு வேறு. "அழாதே, சாக்லேட் தருகிறேன்" என்பது லஞ்சம். அழுகைக்குக் கொடுத்த கூலி. "மாமி வீட்டில் சத்தம் போடாமல் இருந்தால் வரும் வழியில் பூங்காவுக்குப் போகலாம்" என்று கிளம்பும்போதே சொல்லி, இருந்த பிறகு கூட்டிப் போவது பரிசு. கொடுக்கும் பொருள் ஒன்றாகவே இருந்தாலும், எதற்குப் பின்னால் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பாடம் தலைகீழாகிவிடும்.

4. "குளிச்சிட்டு வா மக்கா, தோசை சூடா இருக்கு" என்று எங்கள் ஆச்சி சொல்வார். பிடிக்காத வேலையை முன்னால் வைத்து, பிடித்ததைப் பின்னால் வைக்கும் இந்த முறைக்கு 1959இல் பிரிமாக் என்ற அறிஞர் பெயரில் ஒரு விதியே வந்துவிட்டது. வீட்டில் தினமும் நடக்கும் இன்பங்களைப் பட்டியல் போடுங்கள்: கார்ட்டூன், சைக்கிள், மாலைக் காப்பி, சீரியல். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சின்ன வேலையைக் கோத்துவிடுங்கள். காசு செலவில்லை. வரிசையை மட்டும் ஒருநாளும் மாற்றாதீர்கள். "முதலில் கார்ட்டூன் பார்த்துவிட்டு எழுதுகிறேன்" என்று ஒருமுறை விட்டுக்கொடுத்தால், அன்று எழுத்து நடக்காது.

5. கிச்சன் பின்னை முதல் வாரத்தில் நாற விடாதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். விளப்பில்சாலையில் இருந்த மாநகராட்சிக் குப்பை ஆலை, அந்த ஊர் மக்களின் போராட்டத்தால் 2011 டிசம்பரில் மூடப்பட்டது. நியாயமான போராட்டம், நகரத்தின் நாற்றத்தை அவர்கள் ஏன் சுமக்க வேண்டும்? அதன்பிறகு அவரவர் வீட்டுக் குப்பையை அவரவர் வீட்டிலேயே மக்க வைக்க வேண்டும் என்று ஆனது. கிச்சன் பின் எனப்படும் மூன்று அடுக்குத் தொட்டிகள் வீடு வீடாக வந்தன. வந்த வேகத்தில் பல வீடுகளில் அவை மொட்டை மாடிக்குப் போய் மழைத்தண்ணீர் பிடிக்கும் பாத்திரமாகிவிட்டன. எங்கள் வீட்டிலும் முதல் தடவை அதுதான் நடந்தது.

காரணம் சோம்பல் இல்லை. திறந்தால் நாற்றமும் புழுவும் இருந்தால், திறந்த கைக்கு அதுவே தண்டனை. நல்ல காரியம் செய்தவருக்குத் தண்டனையும், பையைக் கட்டித் தோட்டில் போட்டவருக்குப் பரிசும் கிடைத்தால் எது நிலைக்கும்? ஆகவே இப்படிச் செய்யுங்கள். சாம்பார், ரசம், கஞ்சி எதையும் நீரோடு போடாதீர்கள். ஓட்டைக் கிண்ணத்தில் வடித்துவிட்டுச் சக்கையை மட்டும் போடுங்கள். மீன் கழிவு போட்டால் அன்றைக்கே மேலே இரண்டு கை இனோகுலம், அதாவது கழிவை மக்க வைக்கும் நுண்ணுயிர்த் தூள், தூவுங்கள். இனோகுலம் தீர்ந்தால் வாங்கும்வரை காய்ந்த இலைச்சருகோ மரத்தூளோ போடலாம். பெரிய தேங்காய் மட்டை, எலும்பு வேண்டாம். மேல் அடுக்கு நிறைந்ததும் அதைக் கீழே இறக்கி, காலி அடுக்கை மேலே வையுங்கள். நாற்றமில்லாமல் முதல் இரண்டு வாரம் தாண்டிவிட்டால், பிறகு யாரும் சொல்லாமலே நடக்கும்.

உரம் வர இரண்டு மாதமாவது ஆகும். அவ்வளவு நாள் பரிசுக்குக் காத்திருக்கச் சொன்னால் பேரன் கேட்க மாட்டான். அதனால் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கறிவேப்பிலைச் செடி வைத்தேன். கழிவைப் போட்டு மூடியவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம். அவனுக்குத் தண்ணீர் ஊற்றுவது விளையாட்டு. இப்போது "ஆச்சி, தோல் இருக்கா?" என்று அவனே வந்து கேட்கிறான்.

6. பால் கவரின் மூலையை முழுசாக வெட்டி எடுக்காதீர்கள். ஒட்டிக்கொண்டிருக்கும்படி பாதி வெட்டிப் பாலை ஊற்றுங்கள். அந்தச் சின்ன முக்கோணத் துண்டைப் பொறுக்கி எடுக்க யாராலும் முடியாது. நேரே ஓடைக்குத்தான் போகும். கவரைக் கழுவி, பாத்திரம் கழுவும் தொட்டி மேலேயே ஒரு கிளிப்பில் தொங்கவிடுங்கள். காய்ந்ததை ஒரு சாக்கில் சேர்த்து, வீடு வீடாக வந்து பிளாஸ்டிக் சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்களிடம் கொடுங்கள். கிளிப் கைக்கெட்டும் இடத்தில் இருப்பதுதான் இதில் விஷயம். பின்கட்டு வரை நடக்க வேண்டுமென்றால் மூன்றாம் நாளே நின்றுபோகும்.

7. பாராட்டும்போது செயலைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். "குட் பாய்" என்றால் எதற்கென்று பிள்ளைக்குத் தெரியாது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காப்பி ஹவுஸ் இருக்கிறது. சங்கு மாதிரி சுற்றிச் சுற்றி ஏறும் செங்கல் கட்டிடம். தரை முழுக்கச் சரிவு, ஓரமாக மேசைகள். எந்தப் பிள்ளைக்கும் அங்கே போனால் ஓடத்தான் தோன்றும். ஒருநாள் பேரன் பத்து நிமிடம் உட்கார்ந்து, பீட்ரூட் போட்ட மசாலா தோசையைச் சிந்தாமல் தின்றான். "ஓடாமல் உட்கார்ந்து தின்றாய், பரிமாறுகிற மாமாவுக்கு எவ்வளவு வசதி!" என்று அப்போதே சொன்னேன். தலைப்பாகை கட்டிய அந்தப் பரிமாறுபவரும் சிரித்தார். அடுத்த முறை உட்காரும்போதே என் முகத்தைப் பார்த்தான். நாம் தவற்றைப் பார்த்தவுடன் வாயைத் திறக்கிறோம், சரியாக இருக்கும்போது நிம்மதியாக நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். இதை மாற்றிக்கொள்வது பெரியவர்களுக்குத்தான் கடினம்.

8. முழுச் செயலுக்காகக் காத்திருக்காமல் முதல் படிக்கே பாராட்டுங்கள். செருப்பை ஸ்டாண்டில் வைக்க வேண்டுமா? முதல் வாரம் வாசலுக்கு வெளியே கழற்றினாலே போதும். அடுத்த வாரம் ஜோடியாக. அதற்கடுத்த வாரம் ஸ்டாண்டில். முந்தைய படி வந்துவிட்ட பிறகு, அதற்குப் பாராட்டு வேண்டாம். அடுத்த படிக்கு மட்டும்.

9. லாட்டரி மாதிரி நடக்காதீர்கள். தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கினால் முதலில் கண்ணில் படுவது லாட்டரிச் சீட்டுகள்தான். கேரள அரசு 1967இல் லாட்டரித் துறை தொடங்கி, 1968 ஜனவரி 26இல் முதல் குலுக்கல் நடத்தியது. அன்று சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000. இன்றைக்குத் தினமும் குலுக்கல். தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரிக்குத் தடை வந்த பிறகு, செங்கோட்டைப் பக்கமிருந்தும் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் எல்லை தாண்டி வந்து வாங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வாங்குகிறவர் கோடிக்காக மட்டும் வாங்குவதில்லை. எப்போதாவது கடைசி நான்கு எண் பொருந்தி நூறோ ஐந்நூறோ விழும். அந்தச் சின்னப் பரிசுதான் அவரை விடாமல் பிடித்து வைக்கிறது. எப்போது கிடைக்கும் என்று தெரியாமல், ஆனால் எப்போதாவது கிடைக்கும் பரிசு, ஒவ்வொரு முறையும் கிடைப்பதைவிட ஆழமாகப் பழக்கத்தை ஊன்றிவிடும் என்று ஸ்கின்னரின் ஆய்வுகள் காட்டின. பரிசாக வந்த தானியம் நின்ற பிறகு ஆயிரக்கணக்கில் கொத்தியும் அவருடைய புறா ஓயவில்லை.

வீட்டில் நாமே இந்தச் சீட்டை விற்கிறோம். ஒன்பது நாள் "கைப்பேசி கிடையாது" என்று சொல்லிவிட்டு, பத்தாம் நாள் தலைவலியில் "எடுத்துத் தொலை" என்கிறோம். பிள்ளை அதற்குப் பிறகு இருபது நாள்கூடக் கெஞ்சும், ஏனென்றால் அதற்குப் பரிசு விழுந்த நாள் நினைவில் இருக்கிறது. ஆகவே கைப்பேசிக்கு ஒரு நேரம் வைத்துவிடுங்கள், மாலை ஆறிலிருந்து ஆறரை என்று. அந்த நேரத்தில் கேட்காமலே கொடுங்கள். மற்ற நேரத்தில் கெஞ்சினால் பதில் ஒன்றுதான், குரலும் ஒன்றுதான். வீட்டிலுள்ள நாலு பெரியவர்களும் ஒரே பதில் சொல்ல வேண்டும். தாத்தா மட்டும் ரகசியமாகக் கொடுத்தால் தாத்தாதான் லாட்டரிக் கடை.

பெரியவர்கள் கைப்பேசிக்கும் இது பொருந்தும். திறக்கும்போதெல்லாம் புதுச் செய்தி இருப்பதில்லை, எப்போதாவது இருக்கிறது. அதனால்தான் கை அதையே தேடுகிறது. வாட்ஸ்அப் தவிர மற்ற எல்லாவற்றின் அறிவிப்பு ஒலியையும் நிறுத்திவிடுங்கள்.

10. நிறுத்தும்போது முதலில் கூடும், பயப்படாதீர்கள். எங்கள் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு முன் காக்கைக்குச் சோறு வைப்போம். பன்னிரண்டரைக்கு அவை சுவரில் வந்து உட்கார்ந்திருக்கும். போன வருடம் பக்கத்து வீட்டுக்காரர் எச்சம் விழுகிறது என்று வருத்தப்பட்டதால், இடத்தை மாற்றி மாடியில் வைக்கத் தொடங்கினேன். முதல் மூன்று நாள் பழைய சுவரில் அவை கத்திய கத்து! ஜன்னல் கம்பியைக் கொத்தின. மனம் பொறுக்காமல் அப்போது ஒரு கவளம் அங்கே வைத்திருந்தால், இன்னும் பலமாகக் கத்தக் கற்றுக்கொண்டிருக்கும். ஒரு வாரத்தில் எல்லாம் மாடிக்குப் போய்விட்டன.

பிள்ளையின் அடமும் இப்படித்தான். வழக்கமான அழுகைக்குப் பலன் நின்றால் முதலில் பெரிய அழுகை வரும். வழி சரி என்பதற்கு அதுவே அடையாளம். அந்த மூன்று நான்கு நாளில் வீட்டுக்கு விருந்தாளி வராதபடி, தேர்வு இல்லாதபடி பார்த்துத் தொடங்குங்கள். நடுவில் விட்டுக்கொடுப்பதாக இருந்தால் தொடங்காமலே இருப்பது மேல்.

11. தண்டனை சிறியதாக, உடனடியாக, தப்பாமல் இருக்கட்டும். கேரளச் சாலைகளில் 2023 ஜூன் 5 முதல், 726 கேமராக்கள் பிடிக்கும் விதிமீறல்களுக்கு அபராதச் சீட்டு வரத் தொடங்கியது. ஹெல்மெட் இல்லாவிட்டால் 500 ரூபாய். ஹெல்மெட் சட்டம் அதற்கு முன்பும் இருந்தது, போலீஸும் நின்றார்கள். ஆனால் "இன்றைக்கு நிற்க மாட்டார்கள்" என்று நம்ப இடமிருந்தது. கேமரா அந்த நம்பிக்கையை எடுத்துவிட்டது. பால் வாங்கப் பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் என் மகன் இப்போது ஹெல்மெட்டை மாட்டுகிறான். நான் பதினைந்து வருடம் சொல்லி நடக்காதது.

வீட்டில் இதன் பொருள்: பத்து முறை விட்டுவிட்டுப் பதினோராவது முறை இடி மாதிரி இறங்காதீர்கள். சைக்கிளைத் தெருவிலேயே விட்டு வந்தால் மறுநாள் சைக்கிள் இல்லை. ஒருநாள்தான், ஆனால் ஒவ்வொரு முறையும். தண்ணீரைக் கொட்டினால் அவனே துணியெடுத்துத் துடைக்கட்டும். தண்டனை தவறோடு ஒட்டியிருக்க வேண்டும். தண்ணீர் கொட்டியதற்குக் கார்ட்டூனை நிறுத்துவது பிள்ளைக்குப் புரியாது.

12. அடி வேண்டவே வேண்டாம். "அடியாத மாடு படியாது" என்று சொல்லி வளர்ந்த தலைமுறை நாங்கள். எனக்கும் விழுந்திருக்கிறது. அதில் நான் கற்றது, அடிக்கிறவர் வரும் நேரத்தைத் தெரிந்துகொள்வதும் பொய் சொல்வதும்தான். அடி, செய்யக்கூடாததை நிறுத்திக் காட்டுமே தவிர, செய்ய வேண்டியதைச் சொல்லித் தராது. அடிப்பவர் கண்மறைந்தால் பழையபடி தொடங்கிவிடும். பள்ளியில் பிள்ளையை உடலாலோ மனதாலோ வதைப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் தடை செய்திருக்கிறது. பள்ளியில் கூடாதது வீட்டில் மட்டும் எப்படிச் சரியாகும்?

13. சோறு, தூக்கம், மடி இந்த மூன்றையும் பரிசாகவும் தண்டனையாகவும் ஆக்காதீர்கள். அவை பிள்ளைக்கு எப்போதும் உரியவை.

14. வீட்டில் காசு அபராதம் போடுவதற்கு முன் யோசியுங்கள். இஸ்ரேலில் ஹைஃபா நகரத்துக் குழந்தைக் காப்பகங்களில், பிள்ளையைத் தாமதமாக அழைத்துப்போகும் பெற்றோருக்கு அபராதம் போட்டுப் பார்த்தார்கள். நீசி, ருஸ்டிச்சினி என்ற இரு பொருளியலாளர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வு இது. தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதுவரை "ஆசிரியை காத்திருப்பாரே" என்று கூசிய பெற்றோர், காசு கொடுத்தாயிற்று என்று நிம்மதியாக வந்தார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. எங்கள் தெருக் குடியிருப்பு ஒன்றில், படிக்கட்டில் குப்பைப் பை வைத்தால் இருபது ரூபாய் என்று எழுதி ஒட்டினார்கள். மாதம் அறுநூறு ரூபாயை முன்கூட்டியே கொடுத்துவிட்டு ஒரு குடும்பம் தினமும் வைத்தது. பலகையை எடுத்துவிட்டு, படிக்கட்டைப் பெருக்கும் பெண்மணியை அந்தக் குடும்பத்துக்கு அறிமுகம் செய்துவைத்தார்கள். பை நின்றுவிட்டது. கூச்சம் இருக்கும் இடத்தில் விலைப்பட்டியல் ஒட்டக் கூடாது.

15. பிள்ளை தானாக விரும்பிச் செய்வதற்குக் கூலி பேசாதீர்கள். 1973இல் லெப்பர் குழுவினர் அமெரிக்காவில் ஒரு மழலையர் பள்ளியில், ஸ்கெட்ச் பேனாவால் வரைய ஆசைப்படும் பிள்ளைகளில் சிலருக்கு "வரைந்தால் சான்றிதழ்" என்று முன்பே சொல்லி, வரைந்ததும் அதைக் கொடுத்தார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரமே வரைந்தார்கள். கதைப் புத்தகம் படிக்கும் பிள்ளைக்குப் பக்கத்துக்கு ஒரு ரூபாய் என்று கொடுத்தால், ரூபாய் நின்ற அன்று புத்தகமும் மூடிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள், போதும்.

அப்படியானால் பரிசே வேண்டாமா என்று கேட்கலாம். பிடிக்காத, பழகாத வேலைக்குத் தொடக்கத்தில் பரிசு நல்ல ஊன்றுகோல். செயலே இன்பம் தரத் தொடங்கியதும் மெல்ல எடுத்துவிட வேண்டும்.

16. திருப்பிக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் முறை வீட்டில் நன்றாக வேலை செய்கிறது. நீலகிரியில் 2022 முதல், சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால், டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். காட்டில் யானையின் காலைக் கிழித்துக்கொண்டிருந்த கண்ணாடி கடைக்குத் திரும்பத் தொடங்கியது. அதையே நான் கத்தரிக்கோலுக்குச் செய்கிறேன்: எடுத்துப் போகிறவர் தன் வீட்டுச் சாவியையோ பேனாவையோ அதன் ஆணியில் மாட்டிவிட்டு எடுக்க வேண்டும். கத்தரிக்கோல் திரும்பினால் பேனா திரும்பும். இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் கத்தரிக்கோல் தொலையவில்லை.

17. தொல்லை நீங்குவதும் ஒரு பரிசுதான். மாடித் தண்ணீர்த் தொட்டி நிறைந்ததும் கத்தும் அலாரம், மோட்டாரை நிறுத்தினால்தான் வாயை மூடும். அதனால்தான் எழுந்து ஓடுகிறோம். நச்சரிப்பதும் இதே கணக்கில் வரும் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் மனிதக் குரல் கேட்டுக் கேட்டுப் பழகிவிடும். பிறகு அது மின்விசிறிச் சத்தம் மாதிரி. அலாரம் வாங்குங்கள், வாயை மிச்சப்படுத்துங்கள்.

18. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று நம்பி, 22ஆம் நாள் மனம் உடையாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் லாலி என்ற ஆய்வாளரும் குழுவினரும் 96 பேரைப் பின்தொடர்ந்து பார்த்ததில், ஒரு செயல் தானாக நடக்கும் அளவுக்குப் பழக்கமாக நடுவாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 250ஐயும் தாண்டும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் பெரிய நஷ்டமில்லை என்பதும் அதில் தெரிந்தது. காலண்டரில் தினமும் ஒரு புள்ளி வையுங்கள். வைக்கும் அந்தப் புள்ளியே ஒரு சின்னப் பரிசு.

19. தெருநாய்க்குச் சோறு போடுவதாக இருந்தால் ஒரே இடம், ஒரே நேரம், இலையை எடுத்துவிட்டு இடத்தைக் கழுவுதல். குப்பைப் பையைக் கிழித்தால் மீன் முள் கிடைக்கும் என்று நாய்க்குக் கற்றுக்கொடுத்தது வாசலில் பையை வைத்துவிட்டுப் போன நாம்தான். நாயை விரட்டிப் பயனில்லை. மூடியுள்ள வாளியில் வையுங்கள், ஒரு வாரத்தில் தேடி வருவதை விட்டுவிடும்.

20. கடைசியாக, தோட்டுக்கே திரும்புகிறேன். கேரளத்தில் நீர்நிலையில் குப்பை போட்டால் 50,000 ரூபாய் வரை அபராதமும் சிறையும் உண்டு. குப்பை கொட்டுவதைப் படமெடுத்துத் தெரிவிப்பவருக்கு அபராதத்தில் நாலில் ஒரு பங்கு, 2,500 ரூபாய் வரை, பரிசு என்று 2023இல் அறிவித்தார்கள். தண்டனையும் பரிசும் இரண்டும் இருந்தன. அடுத்த வருடம்தான் அந்தத் தொழிலாளி இறங்கினார். ஏட்டில் இருந்த தண்டனை பையைக் கட்டிய கைக்கு எட்டவில்லை. அந்தக் கையை முதலில் பார்ப்பது வீட்டிலுள்ளவர்கள்தான். போலீஸும் கேமராவும் அதற்குப் பிறகுதான்.

ராத்திரி பையோடு கிளம்பும் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், சண்டை போட வேண்டாம். பையை வாங்கிப் பிரித்து, நீர் வடித்து, தொட்டியில் போட்டு, இரண்டு கை இனோகுலம் தூவிக் காட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. மறுநாள் அவர் தானாகச் செய்தால் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். இந்த மழைக்கும் தண்டவாளத்துக்கு அடியில் யாரோ ஒருவர் இறங்கித்தான் அடைப்பை எடுக்க வேண்டியிருக்கும். அவர் கையில் உங்கள் வீட்டுப் பை அகப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.